மரப்பெண் போன வழி

கமிட்டி மூன்று மணிக்குக் கூடுகிறது. லொடுக்கு தன் ஸ்கூட்டரைப் பல்கலைக்கழகத்தின் பின்கேட் ஓரமாக நிறுத்தியபோது மணி பத்தேகால். அந்த ஸ்கூட்டர் போடுகிற சத்தத்தில்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. முப்பத்துநாலு வயதாகிக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஸ்கூட்டரும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை.

பின்னாலிருந்து இறங்கிய டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இருபது வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். காப்பி அடிக்கிற பிள்ளை எப்போதும் விட்டத்தைத்தான் பார்க்கும், அந்த ஒரு பாடத்தை வைத்தே பிழைப்பு ஓடுகிறது என்பார். லொடுக்கு அவருக்கு ஆறு வருடமாக உதவியாள்.

"மூணாவது நாள் டீச்சர். இன்னும் கையில ஒண்ணும் இல்ல. கமிட்டிக்கு முன்னால போய் நின்னு நாம பாட்டுதான் பாடணும்."

"உன் பாட்டுக்கு அவங்க கேஸையே மூடிடுவாங்க. நட."

விஷயம் இதுதான். ஒரு பெண், கலை வரலாறும் மரபு மேலாண்மையும் படித்தவள். முதுகலை இரண்டாம் வருடம், ஆய்வேட்டையும் கொடுத்து முடித்தாகிவிட்டது. பழைய பொருளை எப்படித் தொடுவது, எப்படித் துடைப்பது, எப்படி எண் போட்டுப் பத்திரப்படுத்துவது, இதெல்லாம்தான் அவள் படிப்பு. ஏழு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குத் துறைக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தாள். ஆறு ஐந்துக்கு, இதே பின்கேட் வாசலில், பின்பக்கமாக வந்த தண்ணீர் லாரி அவளை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கவே அவசியமில்லாமல் போயிற்று.

நான்கு நாள் கழித்துத் துறையின் காப்பறையைச் சரிபார்த்தபோது 212-ஆம் எண்ணைக் காணோம். முழங்கை நீள மரச்சிற்பம். உட்கார்ந்து தலைவாருகிற ஒரு பெண். வயது முந்நூறு வருடம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். இறந்தவள் அன்று ஒரு பொட்டலத்தோடு வெளியே போனதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். விபத்து நடந்த இடத்தில் பொட்டலம் இல்லை. ஆகவே நடுவில் யாரிடமோ கொடுத்துவிட்டாள். ஆகவே திருடி. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டாள் என்பது எல்லோருக்கும் ரொம்ப வசதியாகப் போயிற்று. பட்டம் வாங்குகிறவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தாயிற்று. காப்பறைப் பொருளைத் திருடியவள் என்று எழுதிக் கோப்பை மூட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் இன்றைய கமிட்டி.

அவளுடைய அப்பா பிளம்பர். அவர் ஆபீசுக்கு வந்த நாளை லொடுக்கு மறக்கவில்லை. டீச்சர் வர நேரமானதால் அவரை உட்கார வைத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால், ஒரு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாயைக் கழற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. சொட்டுகிற சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். டீச்சர் வந்ததும் அவர் சொன்னது மூன்றே வரி.

"என் பொண்ணு போயிட்டா டீச்சரம்மா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும். ஆனா திருடின்னு எழுதி வச்சிட்டா, அவ போன பிறகும் அது இருக்கும்ல."

துறையிலிருந்தே ஒருவர்தான் டீச்சரின் விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினாராம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

காப்பறை கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொரு தட்டிலும் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எண். அதன் பொறுப்பாளரை எல்லோரும் சாவி என்றே கூப்பிட்டார்கள். இடுப்பில் அவ்வளவு சாவி தொங்கும். ரிட்டயராக இன்னும் இரண்டு வருடம். மெதுவாக நடந்தார், மெதுவாகப் பேசினார். உட்காரச் சொல்லி, மேஜை விசிறியை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளம்பர் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் இவர் ஒருவர்தான் என்று லொடுக்குவுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் மனுஷன் என்று ஒருத்தராவது இருக்கிறாரே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

212-ஆம் எண்ணின் இடம் காலியாக இருந்தது. டீச்சர் அந்தத் தட்டில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து அலமாரியைப் பார்த்தார். அங்கேயும் இரண்டு இடம் காலி. ஆனால் அங்கே இடத்துக்கொரு மஞ்சள் அட்டை நின்றது. சாவி விளக்கினார். ஒரு பொருளை எடுத்தால் அந்த இடத்தில் அட்டை வைத்தே ஆக வேண்டும். யார் எடுத்தது, எதற்கு, எங்கே போயிருக்கிறது, எப்போது வரும், எல்லாம் அதில் இருக்கும். முதல் வருடம் முதல் வகுப்பிலேயே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

"பஸ்ல கர்ச்சீப் போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி" என்றான் லொடுக்கு.

சாவி லேசாகச் சிரித்தார். "ஆமா தம்பி. அதேதான்."

212-க்கு அட்டை இருந்ததா என்று டீச்சர் கேட்டார். இல்லை என்றார் சாவி. திருடுகிறவள் அட்டை வைத்துவிட்டா போவாள் என்று அவரே சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து டீச்சர் கேட்டது சரிபார்ப்புப் புத்தகம். அவள் இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்தான் வருடாந்தரச் சரிபார்ப்பு நடந்திருந்தது. இருநூற்றுப் பதினாலு பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நல்ல நிலை', கீழே சாவியின் கையெழுத்து. எத்தனை நாள் வேலை என்று டீச்சர் கேட்டார். ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்றார் அவர். டீச்சர் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டார்.

கைப்பேசிப் படங்கள் ஆறு இருந்தன. அதுதான் கமிட்டியின் பெரிய சாட்சி. செத்துப்போன அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு 212-ஐ அவள் ஆறு படம் எடுத்திருக்கிறாள். யாருக்கோ காட்டி விலை பேசத்தான் எடுத்தாள் என்பது அவர்கள் கட்சி. டீச்சர் படங்களின் நகலை மேஜையில் பரப்பினார்.

"லொடுக்கு, நீ உன் ஸ்கூட்டர விக்கப் பாத்தியே, அப்ப படம் எடுத்துப் போட்டல்ல?"

"போட்டேன். துருப் புடிச்ச பக்கம் தெரியாம சுவத்துல சாச்சு வச்சு, சீட்டு கிழிசல் மேல பொண்டாட்டி துப்பட்டாவ விரிச்சு எடுத்தேன். அப்பவும் எவனும் வரல."

"இவ என்ன எடுத்திருக்கா பாரு."

லொடுக்கு குனிந்து பார்த்தான். ஆறு படத்தில் ஒன்றில்கூட மரப்பெண்ணின் முகம் சரியாக இல்லை. பாதம். முதுகு. பீடத்தின் அடிப்பக்கம். பக்கவாட்டில் விளக்கடித்து எடுத்ததில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. கடைசிப் படத்தில் சிற்பமே இல்லை. கறுப்புத் தாள் ஒன்று, அதன்மேல் ஒரு சிட்டிகை வெளிர்ப்பொடி.

"துருவ மட்டும் எடுத்திருக்கா" என்றான் மெதுவாக.

"விக்கறவ குறைய மறைப்பா. இவ குறைய மட்டும் தேடித் தேடிப் புடிச்சிருக்கா."

அந்தப் பொடி என்ன என்று டீச்சர் சாவியிடம் கேட்டார். பழைய மரம் என்றால் ஓட்டையும் இருக்கும், தூசியும் இருக்கும், அதில் ஒன்றுமில்லை என்றார் அவர். சொல்லும்போது விசிறியைப் பார்ப்பது போல மேலே பார்த்தார். விசிறி மேஜைமேல் இருந்தது. மேலே வெறும் விட்டம்தான்.

கட்டட வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாகச் சொன்னதையே மறுபடியும் சொன்னார். அந்தப் பெண் தினமும் போகும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகும். அன்றும் பேசிற்று. இரண்டு கையிலும் பொட்டலம், பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி. கண்ணாடி பிளாஸ்டிக் தாளில் நாலைந்து சுற்று, விளிம்பெல்லாம் டேப். காற்றுகூடப் போகாது போல ஒட்டியிருந்தது. உள்ளே பழுப்பாக ஏதோ தெரிந்தது. படியிறங்கிப் பின்கேட் பக்கம் திரும்பிற்று. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. தான் சொன்னதை வைத்துத்தான் அந்தப் பெண்ணைத் திருடி ஆக்கினார்கள் என்பது அவரைத் தின்றுகொண்டிருந்தது. பார்த்ததைத்தானே சொன்னேன் என்று இரண்டு தடவை கேட்டார்.

வெளியே வந்ததும் லொடுக்கு ஆரம்பித்தான். "திருட்டுப் பொருள உள்ள இருக்கறது தெரியற மாதிரி சுத்தி, ரெண்டு கையால ஏந்தி, வாட்ச்மேன்கிட்ட நின்னு கதை பேசி… ஒரு மேளம் மட்டும்தான் குறைச்சல் டீச்சர்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "நட. சாதாரணமா நட. உன் ஸ்கூட்டர் வேகத்துல வேண்டாம், பொண்ணு நடக்கற வேகத்துல."

படியிலிருந்து பின்கேட்டுக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. அவளுக்கு ஆனது இருபத்தைந்து.

"பதினாறு நிமிஷம் எங்கயோ நின்னிருக்கா" என்றார் டீச்சர்.

கேட் அருகில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். வந்த வழியில் மூன்றே கட்டடம். நூலகம், சைக்கிள் ஷெட், விலங்கியல் துறை. நூலகத்துக்குள் பொட்டலம் கொண்டு போக விடமாட்டார்கள். சைக்கிள் ஷெட்டில் அந்த நேரத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. லொடுக்கு ஆறாவது படத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"மாவு மாதிரியே இருக்கு டீச்சர். எங்க வீட்ல வண்டு விழுந்த கோதுமை மாவு இப்படித்தான் இருக்கும், டப்பாவுக்கு அடியில."

"வண்டு விழுந்தா என்ன பண்றா உன் பொண்டாட்டி?"

"டப்பாவோட தூக்கி ஃப்ரீசர்ல வச்சிருவா. முட்டை, புழு எல்லாம் அதுலயே செத்துருமாம். ஈரம் ஏறக்கூடாதுன்னு அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர வேற நாலு சுத்து சுத்தி…"

அவன் கையிலிருந்த படத்தை மறுபடியும் பார்த்தான். டீச்சர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். விலங்கியல் துறையின் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

விலங்கியல் துறையின் அடித்தளத்தில் ஒரு பெரிய உறைபெட்டி இருந்தது. ஆள் உயரம், பீரோ மாதிரி, உள்ளே எலியும் மீனும் பறவையும் பாடத்துக்காக உறைந்து கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை அங்கே எல்லோரும் லேப் அக்கா என்றார்கள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தவர், கலை வரலாற்றுத் துறை என்று டீச்சர் சொன்னதும் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அப்பாடா. அந்த பொம்மப் பொண்ணு ஒரு வழியா ஆள அனுப்பிட்டாளா? பதினஞ்சு நாள்ல வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போனவ. நானும் இந்தத் தட்டுல இருந்து அந்தத் தட்டுக்கு மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே இருக்கேன். எங்க சார் ரெண்டு தடவ தூக்கிப் போடுன்னுட்டாரு. நான்தான் வரட்டும், ஒரு புடி புடிக்கிறேன்னு வச்சிருக்கேன். எங்க அவ?"

லொடுக்கு டீச்சரைப் பார்த்தான். டீச்சர் உறைபெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடம் பிள்ளைகளுக்கு மார்க் சொன்னவருக்கு இதைச் சொல்ல வரவில்லை. அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு இறந்துட்டாங்க. இங்க வச்சிட்டுப் போனாங்களே, அன்னிக்கே. பின்கேட்டுல."

லேப் அக்கா ஈரக்கையைத் துடைக்காமலே நின்றார். கேட்டில் ஒரு பெண்ணை லாரி அடித்ததைக் கேள்விப்பட்டிருந்தார். நோட்டீஸில் பெயர் போட்டிருந்தார்கள். ஆனால் இவள் பெயரை அவர் கேட்டதே இல்லை. வருடத்தில் மூன்று நான்கு தடவை பழைய சட்டம், கூடை, பெட்டி என்று பயிற்சிக்கு எதையாவது சுற்றிக்கொண்டு வருவாள், இரண்டு வாரம் வைத்து எடுத்துப் போவாள். பொம்மப் பொண்ணு என்றால் அவளும் திரும்புவாள். அந்தத் துறையிலிருந்து இத்தனை மாதத்தில் ஒருத்தரும் கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டீ குடிச்சிட்டுப் போன்னு சொன்னேன்" என்றார் லேப் அக்கா. "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கான்னு ஓடிட்டா. நான் கைய புடிச்சு உக்கார வச்சிருக்கணும் தம்பி." பிறகு குரல் இன்னும் இறங்கிற்று. "தினமும் கதவத் தொறக்கறப்பல்லாம் அவள திட்டிருக்கேன்."

லொடுக்கு பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து அவரிடம் கொடுத்தான்.

பொட்டலம் மேல்தட்டில் இருந்தது. வெள்ளையாகப் பனி பூத்து, உள்ளே தலைவாருகிற கையின் வளைவு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. டேப்பின்மேல் ஒரு சீட்டு. டீச்சர் கட்டைவிரலால் பனியைத் தேய்த்துவிட்டு வாய்விட்டுப் படித்தார்.

'எண் 212. மரப்பெண். பீடத்தில் பதினேழு ஓட்டைகள், புதுத் தூள் விழுகிறது. வண்டு உயிரோடு இருக்கிறது. பதினைந்து நாள் உறையவைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பிரிக்கக் கூடாது. அலமாரியில் மஞ்சள் அட்டை வைத்திருக்கிறேன். பொறுப்பாளர் இடத்தில் இல்லை, காலையில் நேரில் சொல்ல வேண்டும்.' அடியில் தேதி, நேரம், கையெழுத்து.

"முடிஞ்சது டீச்சர்" என்றான் லொடுக்கு. "கமிட்டி வாயில வச்சு அடைக்க இதுவே போதும்."

"பொருள் கிடைச்சிருச்சு. அட்டை எங்க?"

அலமாரியில் வைத்த அட்டை தானாக நடந்து போகாது. அன்று ஆறு மணிக்குக் காப்பறையைப் பூட்டுகிற ஆள் ஒருவர்தான்.

மூன்று மணிக்குப் பொட்டலத்தைக் கமிட்டி அறைக்கு நீங்களே கொண்டு வர வேண்டும் என்று டீச்சர் லேப் அக்காவிடம் கேட்டுக்கொண்டார். அதுவரை அது உறைபெட்டியிலேயே இருக்கட்டும்.

அவர்கள் திரும்பிப் போனபோது சாவி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். டப்பா மூடியபடி மேஜையில் இருந்தது. டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. இருநூற்றுப் பதினாலு விடைத்தாளை ஒரே நாளில் திருத்துகிற வாத்தியார்களைத் தனக்குத் தெரியும் என்றார். அவர்கள் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை, மார்க் மட்டும் போடுவார்கள்.

"விலங்கியல் துறைக்குப் போயிட்டுத்தான் வரோம்ணே" என்றார் பிறகு. "அந்த அட்டையக் குடுத்துருங்க."

லொடுக்கு மறுப்பை எதிர்பார்த்தான். சாவி மறுக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினார். பிளாஸ்டிக் உறைக்குள், தன் படத்துக்குப் பின்னால், நான்காக மடித்த மஞ்சள் அட்டை இருந்தது. ஏழு மாதமும் அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டுதான் பிளம்பர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தாமல் பேசினார். முழங்கால் போய்விட்டது, ஏணி ஏற முடிவதில்லை. மூன்று வருடமாகப் பெட்டியைத் திறக்காமலே 'நல்ல நிலை' எழுதிக்கொண்டிருந்தார். அன்று பூட்ட வந்தவர் அட்டையைப் பார்த்தார். வண்டு, பதினேழு ஓட்டை, விலங்கியல் உறைபெட்டி, எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் நல்ல நிலை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ரிட்டயராகிற நேரத்தில் கெட்ட பெயர். காலையில் அந்தப் பெண்ணிடம் பேசி, வண்டு சரிபார்ப்புக்குப் பிறகு வந்த மாதிரி தெரிய, தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலையில் அந்தப் பெண் இல்லை. நான்காம் நாள் துறைத்தலைவி வந்து 212 எங்கே என்று கேட்டபோது, தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னார்.

"அந்த ஒரு வார்த்தைதான். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் அத மாத்திச் சொல்றது இன்னும் கஷ்டமாப் போச்சு. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். போய் எடுக்கவும் தைரியம் இல்ல. யாராவது தற்செயலா அந்தக் கதவத் தொறந்து பாத்துருவாங்கன்னு தினமும் காத்துக்கிட்டிருந்தேன்."

"யாரும் பாக்கலன்னுதான் அவ அப்பாவ எங்ககிட்ட அனுப்பினீங்களா?"

லொடுக்கு நிமிர்ந்து பார்த்தான். சாவி தலையாட்டினார். விலாசத்தை எழுதிக் கொடுத்தது அவர்தான்.

"நானா சொல்ல வாய் வரல டீச்சர். நீங்க கண்டுபுடிச்சா பரவால்லன்னு தோணிச்சு."

வரும்போது இந்த மனுஷனைப் பற்றி நினைத்ததெல்லாம் லொடுக்குவுக்கு ஞாபகம் வந்தது. கோபப்படப் பார்த்தான். சரியாகக் கோபம்கூட வரவில்லை.

கமிட்டி அறையில் நீளமான மேஜை. ஐந்து பேர் ஒரு பக்கம். எதிரே ஒற்றை நாற்காலியில் பிளம்பர், இஸ்திரி போட்ட சட்டையில், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு. டீச்சர் படங்களையும் மஞ்சள் அட்டையையும் வைத்துப் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். லேப் அக்கா பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேஜை நடுவில் வைத்தார். லொடுக்கு சீட்டைப் படித்தான். பிறகு சாவி எழுந்து, டீச்சரிடம் சொன்னதை மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை இடையிடையே நின்று நின்று சொன்னார்.

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். உறையவைக்கிற பாடத்தை நடத்தியவரே அவர்தான். உறைபெட்டியில் தேட வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை என்பதை அவரே சொன்னார். புத்தகத்தில் நல்ல நிலை என்று இருந்தது. நல்ல நிலையில் இருக்கிற பொருளை யார் உறையவைப்பார்கள்? "புத்தகத்த நம்பாதீங்க, பொருளப் பாருங்கன்னு வருஷா வருஷம் சொல்றேன். அவ கேட்டா. நான் புத்தகத்த நம்பினேன்."

கமிட்டிச் செயலர் சட்டப்படி பேசினார். பொட்டலத்தைப் பிரித்து எண்ணைச் சரிபார்த்தால்தான் குறிப்பை மாற்றி எழுத முடியும். கத்தரிக்கோல் வந்தது.

"பிரிக்காதீங்க" என்றார் பிளம்பர்.

அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒரு முழு நாள் பிரிக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. இப்பதான் தம்பி படிச்சாரு. நாங்க பைப்பு ஒட்டினா ஒரு நாள் தண்ணி விட மாட்டோம். வீட்டுக்காரங்க அவசரப்படுவாங்க, தொறந்தா ஒட்டினதெல்லாம் போயிரும். நீங்க எழுதறத நாளைக்கு எழுதுங்க. ஏழு மாசம் பொறுத்தாச்சு."

செயலர் துறைத்தலைவியைப் பார்த்தார். பிளம்பர் சொல்வதுதான் சரி என்றார் துறைத்தலைவி. குளிர்ந்த மரத்தைச் சட்டென்று பிரித்தால் அதன்மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும், வர்ணம் உரிந்துவிடும். கத்தரிக்கோல் திரும்பிப் போயிற்று. மறுநாள் மூன்றரைக்கு எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பது, பிரித்த கையோடு அவள் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சாவியின் விஷயம் தனிக் கோப்பு.

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். சாவி மட்டும் கதவோரம் நின்றார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், மறுபடியும் சொல்ல வந்தார். பிளம்பர் அவரைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"இனிமே ஞாயித்துக்கிழம வராதீங்க."

சாவி தலையைக் குனிந்துகொண்டு போனார். படியில் அவர் இறங்குகிற சாவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிளம்பர் தன் நாற்காலியை எடுத்து மேஜை ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். நாளை மூன்றரை வரை இங்கேயே இருக்கப் போகிறார் என்பது யாருக்கும் சொல்லாமலே புரிந்தது. துறைத்தலைவி அறைச் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, போக மனமில்லாமல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். பொட்டலத்தின் வெளியே பனி உருகி நீர்த்துளிகள் கட்டத் தொடங்கியிருந்தன. தொடலாமா என்று பிளம்பர் கேட்டார். வெளிப்பக்கம் தொடலாம் என்றார் துறைத்தலைவி. பிளம்பர் கர்ச்சீப்பை எடுத்து, மூட்டு மூட்டாகக் கசிவு பார்க்கிறவர் மாதிரி, டேப் ஒட்டிய விளிம்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார். ஒரு இடத்திலும் பிரியவில்லை.

"இது என்ன படிப்புன்னு சொந்தக்காரங்கல்லாம் கேப்பாங்கம்மா. எனக்கு சொல்லத் தெரியாது. பழைய சாமானப் பாத்துக்கற படிப்புன்னு சொல்லுவேன், சிரிப்பாங்க." ஈரக் கர்ச்சீப்பைப் பிழிந்தார். "அந்த வண்டு செத்திருக்குமா?"

"பதினஞ்சு நாளே போதும். இது ஏழு மாசம். ஒண்ணுகூட இருக்காது."

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கா."

லொடுக்கு இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து பிளம்பர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.